காணவில்லை: கார்ட்டூன் ஆட்டங்கள்

டிவியில் கார்ட்டூன் பார்த்துவிட்டு, பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்குக் காசு கொடுத்து அதே கார்ட்டூனை விளையாடிய தலைமுறை ஒன்று இருக்கிறது. அது இப்போது வேலைக்குப் போகிறது, வீட்டுக் கடன் கட்டுகிறது, ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அந்த ஆட்டங்களைத் தேடுகிறது. வந்த கடிதங்கள் அப்படித்தான் சொல்கின்றன. எனவே இந்த முறை எல்லாக் கேள்வியும் ஒரே விஷயம். அரசியல் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கே: கார்ட்டூன் நெட்வொர்க்கின் அமெரிக்கத் தளத்தில் பென் 10 விளையாடி வளர்ந்தவன் நான். அந்த முகவரியைப் போட்டால் இப்போது வேறு எங்கோ போய் நிற்கிறது. என் ஆட்டங்கள் எங்கே சார்? - கரூர் வாசகர்

ப: 2024 ஆகஸ்டில் அந்தத் தளத்தையே மூடிவிட்டு, வருகிறவர்களை அப்போது மேக்ஸ் என்று பெயர் வைத்திருந்த தன் கட்டண ஓடிடி பக்கம் திருப்பிவிட்டது வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி. ஆனால் உங்கள் ஆட்டங்கள் அன்றைக்குச் சாகவில்லை. அந்த ஆட்டங்களை பிரவுசரில் ஓட்டிய பிளாஷ் பிளேயரை, 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அதன் உரிமைக் கம்பெனியான அடோபி கைகழுவியது. 2021 ஜனவரி 12 முதல், கணினியில் ஏற்கெனவே இருந்த பிளேயரும் ஆட்டத்தை ஓட்ட மறுத்தது. உள்ளேயே அப்படித் தேதி வைத்துத் தைத்திருந்தார்கள். அதற்கும் முன்னால், தளத்துக்குப் புது வடிவம் கொடுத்த ஒவ்வொரு தடவையும் ஓடி முடிந்த தொடர்களின் பக்கங்கள் தூக்கப்பட்டன, ஆட்டமும் கூடவே போனது. அந்த ஆட்டங்கள் தொடருக்கு விளம்பரமாகப் பிறந்தவை. விளம்பரச் செலவில் எழுதி முடித்த பொருளை எந்தக் கம்பெனியும் பீரோவில் வைத்துப் பூட்டுவதில்லை.

கே: பிளாஷைக் கொன்றது ஸ்டீவ் ஜாப்ஸ்தானே? - பெயர் வேண்டாம், ஓசூர்

ப: முதல் குத்து அவருடையது. ஐபோனில் பிளாஷுக்கு ஏன் இடமில்லை என்று 2010 ஏப்ரலில் ஊரறிய ஒரு கடிதமே எழுதினார். பேட்டரியைத் தின்கிறது, பாதுகாப்பில் ஓட்டை, தொடுதிரைக்குச் சரிப்படாது என்றெல்லாம் குற்றச்சாட்டு. இதில் எதுவும் அபாண்டம் இல்லை. கடைசியில் 2017 ஜூலையில் அடோபியே நாள் குறித்தது. கிட்டத்தட்ட மூன்றரை வருஷ நோட்டீஸ். நம் ஊர் வீட்டுக்காரர் மூன்று மாதம் கொடுத்தாலே கையெடுத்துக் கும்பிடுவோம்.

அப்படியும் அசையாதவர்கள் உண்டு. தென்னாப்பிரிக்க வருவாய்த் துறை, தன் பிளாஷ் படிவங்கள் ஓடுவதற்கென்றே 2021 ஜனவரியில் தனியாக ஒரு பிரவுசர் செய்து வெளியிட்டது. அதே மாதம் சீனாவின் தாலியன் நகர ரயில்வேயில் பிளாஷை நம்பியிருந்த கணினிகள் படுத்துவிட, ஊழியர்கள் பழைய பதிப்பைத் தேடிப் போட்டு எழுப்பினார்கள். வரி வசூல் என்றால் அரசாங்கமே பிரவுசர் செய்கிறது. குழந்தைகளின் ஆட்டத்துக்குச் செய்தவர்கள் சம்பளம் வாங்காதவர்கள். அவர்கள் கதை கீழே வருகிறது.

கே: ஷாக்வேவ், பிளாஷ் இரண்டும் ஒன்றா? - திண்டுக்கல் வாசகி

ப: ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஆனால் ஒன்றல்ல. பிளாஷ் 1996-ல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்ற பெயரில் வேறு ஒரு சின்னக் கம்பெனியில் பிறந்து, மேக்ரோமீடியாவுக்குத் தத்துப் போனது. ஷாக்வேவ், மேக்ரோமீடியாவின் டைரக்டர் மென்பொருளில் செய்தவற்றை பிரவுசரில் ஓட்டுவதற்காக வந்தது. 2005-ல் அடோபி மேக்ரோமீடியாவையே வாங்கியதும் இரண்டும் கைமாறின. கார்ட்டூன் நெட்வொர்க் 2000-ஆம் ஆண்டு கோடை விடுமுறைக்கு விட்ட 'கார்ட்டூன் கார்ட்டூன் சம்மர் ரிசார்ட்' ஷாக்வேவ் ரகம். வெவ்வேறு தொடர்களின் பாத்திரங்கள் ஒரே விடுதியில் தங்கியிருக்க, பாகம் பாகமாக வந்த ஆட்டம் அது. ஷாக்வேவ் 2019 ஏப்ரலிலேயே போய்ச் சேர்ந்தது. பிளாஷுக்கு அழுத கூட்டத்தில் கால்வாசி கூட இதற்கு வரவில்லை. மீட்பதிலும் இதுதான் கஷ்டமான பிள்ளை.

கே: ஆட்டம் என்பது ஒரு ஃபைல்தானே? அன்றைக்கே யாராவது டவுன்லோட் செய்து வைத்திருந்தால் முடிந்தது. இல்லாவிட்டாலும் வேபேக் மெஷினில் கிடைக்கும். இதில் மீட்பு, பாதுகாப்பு என்று என்ன பெரிய வேலை? - கணினி அறிவியல் மாணவர், கோயம்புத்தூர்

ப: தம்பி, ஏமாற்றம் ஆரம்பிக்கும் இடத்தையே கேள்வியாகக் கேட்டுவிட்டீர்கள்.

'விளையாடு' பட்டனை அழுத்தியதும் முதலில் வருவது பல ஆட்டங்களில் சின்னதாக ஒரு எஸ்.டபிள்யூ.எஃப்., அதாவது பிளாஷ் கோப்பு. சேனலின் முத்திரை, ஊர்ந்து போகும் லோடிங் பட்டை, அவ்வளவுதான் அதில் இருக்கும். அது திரையில் ஊர்ந்துகொண்டே, பின்னால் சர்வரிடம் ஒவ்வொன்றாகக் கேட்கிறது. முதல் கட்டத்தைக் கொடு, இசையைக் கொடு, எதிரிகள் எங்கெங்கே நிற்க வேண்டும் என்ற பட்டியலைக் கொடு. எல்லாம் தனித்தனிக் கோப்புகள். நீங்கள் டவுன்லோட் செய்து வைத்த ஒன்று, பெரும்பாலும் அந்த லோடிங் பட்டை. இருபது வருஷம் பத்திரமாக வைத்திருந்து திறந்தால், இல்லாத சர்வரிடம் கேட்டுக்கொண்டு நூற்றுக்குப் பூஜ்யத்தில் நிற்கும்.

பழைய இணையப் பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் மகத்தான காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்காக இணையத்தை மேய்கிற நிரல், பக்கத்தில் எழுதியிருக்கும் இணைப்புகளைப் படித்து அவற்றை எடுத்துக்கொள்ளும். ஆட்டத்தை ஆடிப் பார்க்காது. மூன்றாம் கட்டத்துப் பூதத்தைக் கொன்றால்தான் நான்காம் கட்டக் கோப்பைக் கேட்கும் ஆட்டத்தை, பூதத்தைக் கொல்லத் தெரியாத நிரல் எப்படி முழுசாகச் சேமிக்கும்? அதனால்தான் பல ஆட்டங்கள் வேபேக்கில் தலை மட்டும் இருந்து உடம்பு இல்லாமல் கிடக்கின்றன.

மீட்பு வேலை என்பது இந்த உடம்பைத் தேடுவது. கிடைத்த கோப்பை ஜே.பி.இ.எக்ஸ்.எஸ். போன்ற பிரிப்பானில் போட்டுத் திறந்தால், உள்ளே நிரலும் அது கேட்கப்போகும் கோப்புகளின் பெயர்களும் தெரியும். அந்தப் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வேபேக்கில் வலை போடுகிறார்கள். அமெரிக்கத் தளத்தில் இல்லையா, அதே ஆட்டம் அதே சேனலின் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, இந்தியத் தளங்களில் ஏறியிருந்ததா என்று பார்க்கிறார்கள். ஒரு நாட்டுத் தளத்தில் இரண்டாம் கட்டம், இன்னொரு நாட்டுத் தளத்தில் இசை என்று பொறுக்கிச் சேர்ப்பதும் உண்டு.

எல்லாம் சேர்ந்த பிறகும் ஒரு முட்டுக்கட்டை இருக்கும். தளப் பூட்டு. ஆட்டம் திறந்ததும் தான் எந்த முகவரியில் ஓடுகிறோம் என்று பார்க்கும். சொந்த வீட்டில் இல்லை என்று தெரிந்தால் வெறும் திரையைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடும். மற்ற தளங்கள் ஆட்டத்தைத் திருடாமல் இருக்க அன்றைக்கு வைத்த பூட்டு. வீடு இடிந்த பிறகும் பூட்டு விசுவாசமாக இருக்கிறது.

கே: அந்தப் பூட்டை என்ன செய்கிறார்கள்? - திருநெல்வேலி வாசகர்

ப: உடைப்பதில்லை, ஏமாற்றுகிறார்கள். 2018 ஜனவரியில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பென் லாட்டிமோர் என்பவர் ஃபிளாஷ்பாயிண்ட் என்று ஒரு சேகரிப்பைத் தொடங்கினார். பிளாஷுக்கு நாள் குறித்துச் சில மாதங்களே ஆகியிருந்த நேரம். அதன் சூட்சுமம் இதுதான்: உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு குட்டி சர்வர் நடுவில் உட்கார்ந்திருக்கும். ஆட்டம், 'கார்ட்டூன் நெட்வொர்க் தளத்திலிருந்து இரண்டாம் கட்டத்தைக் கொடு' என்று 2003-ல் கேட்டது போலவே இன்றும் கேட்கும். நடுவில் இருப்பவர் அந்தக் கோரிக்கையை வெளியே விடாமல் பிடித்து, ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் கோப்பை எடுத்து நீட்டுவார். ஆட்டத்தைப் பொறுத்தவரை அது சொந்த வீட்டில்தான் இருக்கிறது. தளம் செத்த விஷயத்தை அதற்கு யாரும் சொல்லவில்லை.

இதனால் ஆட்டத்தின் நிரலில் கை வைக்க வேண்டியதில்லை. பாதுகாப்பு வேலையில் இது பெரிய விஷயம். பூட்டை உடைத்து, முகவரியை மாற்றி, 'நானே சரி செய்துவிட்டேன்' என்று ஆளாளுக்குத் திருத்தினால், பத்து வருஷம் கழித்து எது மூலம், எது திருத்தம் என்று யாருக்கும் தெரியாது. சுவடி பதிப்பித்தவர்களிடம் கேட்டால் இந்த வேதனையை விடிய விடியச் சொல்வார்கள்.

இன்றைக்கு அந்தச் சேகரிப்பில் 2,00,000-க்கு மேற்பட்ட ஆட்டங்களும் அசைபடங்களும் இருக்கின்றன. பிளாஷ், ஷாக்வேவ் மட்டுமல்ல, 100-க்கும் அதிகமான பிளக்-இன்களையும் இணையத் தொழில்நுட்பங்களையும் ஆதரிக்கிறார்கள். முழுச் சேகரிப்பையும் இறக்க ஆசைப்பட்டால் அளவு 1 டெராபைட்டைத் தாண்டும், வீட்டில் பர்மிஷன் வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டிய ஆட்டத்தை மட்டும் அவ்வப்போது இறக்கிக்கொள்ளும் சின்னப் பதிப்பும் இருக்கிறது.

கே: எனக்கு இவ்வளவு பாடம் வேண்டாம். சும்மா ஒரு பழைய ஆட்டம் விளையாட வேண்டும். கூகுளில் தேடினால் 'பிளாஷ் பிளேயர் இலவச டவுன்லோட்' என்று ஏகப்பட்டது வருகிறதே, போடலாமா? - மயிலாடுதுறை வாசகி

ப: போடாதீர்கள். பிளாஷ் உயிரோடு இருந்தபோதே அதன் பெயரில் வைரஸ் விற்றவர்கள் அதிகம். செத்த பிறகு கேட்கவா வேண்டும்? ரஃபிள் என்று ஒன்று இருக்கிறது. பிளாஷ் பிளேயர் செய்த வேலையை ரஸ்ட் என்ற கணினி மொழியில் புதிதாக எழுதி, ஓட்டைகள் இல்லாமல் செய்யப் பார்க்கும் திறமூல மென்பொருள். மைக் வெல்ஷ் என்ற நிரலாளர் தொடங்கி வைத்தது. பிரவுசரில் சேர்த்துக்கொண்டால் போதும். இன்டர்நெட் ஆர்கைவ் 2020 நவம்பரில் இதை வைத்துத்தான் பிளாஷ் ஆட்டங்களை நேராகத் தன் பக்கத்திலேயே ஓடவிட்டது. ஆரம்ப கால ஆட்டங்கள் பெரும்பாலும் நன்றாகவே ஓடுகின்றன. பிற்காலத்தில் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 என்ற மூன்றாம் பதிப்பு மொழியில் எழுதியவற்றில் சில இன்னும் நொண்டும்.

கே: பரணில் அண்ணனின் 2004-ஆம் வருஷத்துக் கணினி கிடக்கிறது. எடைக்குப் போடலாம் என்று அம்மா சொல்கிறார். அதில் ஏதாவது இருக்குமா? - விருதுநகர் வாசகி

ப: அம்மாவைத் தடுத்து நிறுத்துங்கள். குறைந்தபட்சம் ஹார்ட் டிஸ்க்கையாவது கழற்றிக்கொள்ளுங்கள்.

நாம் பார்க்கும் பக்கங்களின் கோப்புகளை பிரவுசர் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும், அடுத்த முறை சீக்கிரம் திறப்பதற்காக. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் 'டெம்ப்ரரி இன்டர்நெட் ஃபைல்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் உண்டே, அதுதான். உங்கள் அண்ணன் கஷ்டப்பட்டு ஐந்தாம் கட்டம் வரை போயிருந்தால், ஐந்து கட்டங்களின் கோப்புகளும் அங்கே விழுந்திருக்கும். வேபேக் நிரலுக்குக் கொல்லத் தெரியாத பூதத்தை உங்கள் அண்ணன் கொன்றிருக்கிறார் என்று பொருள்.

கண்டுபிடிப்பது எப்படி? பெயரை நம்பக் கூடாது. பிரவுசர் சில சமயம் கோப்புக்கு வாய்க்கு வந்த எழுத்தும் எண்ணுமாகப் பெயர் வைக்கும். உள்ளே பாருங்கள். பிளாஷ் கோப்பு எதுவானாலும் அதன் முதல் மூன்று எழுத்து எஃப்.டபிள்யூ.எஸ். அல்லது சி.டபிள்யூ.எஸ். என்று இருக்கும். முன்னது சுருக்காதது, பின்னது சுருக்கியது. மிகவும் பிந்தியவற்றில் இசட்.டபிள்யூ.எஸ். என்றும் வரும். நான்காவது பைட், பிளாஷின் எந்தப் பதிப்புக்காகச் செய்தது என்பதைச் சொல்லும். ஐந்து முதல் எட்டு வரையிலான பைட்டுகளில் சுருக்காத நிலையில் கோப்பின் மொத்த நீளம் எழுதியிருக்கும். இந்தக் கடைசி விஷயம்தான் தங்கம். உள்ளே எழுதியிருக்கும் நீளத்தையும் கையில் இருக்கும் கோப்பின் நீளத்தையும் (சுருக்கியதென்றால் விரித்த பிறகு) ஒப்பிட்டால், ஆட்டம் முழுசாக இறங்கியதா, பாதியில் கரண்ட் போனதா என்று தெரிந்துவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று அந்தக் கணினியை ஆன் செய்து, இணையத்தில் இணைத்து, பிரவுசரைத் திறந்து வைக்காதீர்கள். தற்காலிகக் கோப்புகளுக்கு ஒதுக்கிய இடம் நிறைந்தால் பிரவுசர் பழையதை அழித்துத்தான் புதியதை வைக்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, முழுசாக ஒரு நகல் எடுத்துக்கொண்டு, நகலில் தேடுங்கள். அண்ணன் 2004-ல் வேறு என்னென்ன பார்த்தார் என்பதும் அங்கேயே இருக்கும். அதைக் கண்டுகொள்ளாமல் விடுவது தங்கையின் பெருந்தன்மை.

கே: ஃப்யூஷன்ஃபால் நினைவிருக்கிறதா? அதை மீட்க முடியுமா? - சென்னை, வேளச்சேரி

ப: மீட்டார்கள். மறுபடி பறிகொடுத்தார்கள். மறுபடி மீட்டார்கள். விவரமாகச் சொல்ல வேண்டிய கதை.

2009 ஜனவரியில் கார்ட்டூன் நெட்வொர்க் விட்ட ஆட்டம். டெக்ஸ்டர், பென், பவர்பஃப் பெண்கள் எல்லோரும் கொஞ்சம் வளர்ந்தவர்களாக ஒரே உலகத்தில் இருப்பார்கள். வேற்றுக்கிரகம் ஒன்று பூமியை விழுங்க வருகிறது, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து சண்டை போடலாம். பிரவுசருக்குள் யூனிட்டி பிளக்-இன் வழியாக ஓடியது. 2013 ஆகஸ்ட் 29-ஆம் தேதி சர்வரை நிறுத்தினார்கள்.

முன்னால் சொன்ன ஆட்டங்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். பிளாஷ் ஆட்டத்தின் கோப்புகளையெல்லாம் பொறுக்கிச் சேர்த்துவிட்டால் அது ஓடும். இங்கே உங்கள் கணினிக்கு வந்தது படமும் உடுப்பும் நிலப்பரப்பும்தான். எதிரி எப்போது அடிப்பான், அடித்தால் எவ்வளவு ரத்தம் போகும், உங்கள் பையில் என்ன இருக்கிறது என்ற கணக்கெல்லாம் கம்பெனியின் சர்வரில். அந்த நிரல் வெளியே வரவே இல்லை. சர்வர் நின்றால் நாடகத்தில் திரைச்சீலை மட்டும்தான் மிச்சம்.

ரசிகர்கள் சிலர் உட்கார்ந்து அதைத் திரும்ப எழுப்பினார்கள். 2017-ல் 'ரெட்ரோ' என்ற பெயரில் ஆடக் கிடைத்தது, மேம்பட்ட இன்னொன்றையும் செய்துகொண்டிருந்தார்கள். 2020 ஏப்ரலில் கார்ட்டூன் நெட்வொர்க்கிடமிருந்து காப்புரிமை நோட்டீஸ் வந்தது. இரண்டையும் இழுத்து மூடினார்கள். உலகமே ஊரடங்கில் வீட்டுக்குள் கிடந்த மாதம் அது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே வருஷம் 'ஓப்பன்ஃப்யூஷன்' என்று வேறொரு குழு வந்தது. இவர்கள் சாமர்த்தியசாலிகள். சர்வர் செய்த வேலையைத் தாங்களாகவே புதிதாக எழுதி, அந்த நிரலைத் திறமூலமாகப் பொதுவில் வைத்துவிட்டார்கள். ஒரு இடத்தில் சர்வரை மூடினாலும் நிரல் கையில் இருக்கிறவர்கள் வேறு இடத்தில் திறக்கலாம். படமும் உடுப்பும் எங்கிருந்து வந்தன என்கிறீர்களா? பழைய வீரர்களின் கணினிகளில் பிரவுசர் எடுத்து வைத்திருந்த நகல்களிலிருந்து. விருதுநகர் சகோதரி இதைக் கவனிக்கவும்.

கே: இதெல்லாம் சட்டப்படி சரியா? - வழக்கறிஞர், மதுரை

ப: உங்களுக்குத் தெரியாததா, இருந்தாலும் என் வாயால் கேட்க ஆசைப்படுகிறீர்கள். கறாராகச் சொன்னால், உரிமை கம்பெனியுடையது. அமெரிக்கச் சட்டப்படி ஒரு நிறுவனத்துக்காகச் செய்த படைப்புக்கு, பொதுவாக வெளியான நாளிலிருந்து 95 ஆண்டு பாதுகாப்பு. 2000-ல் வந்த ஆட்டம் 2096 ஜனவரி 1-ஆம் தேதி பொதுச்சொத்து ஆகும். அன்றைக்கு நம் பேரன் பேத்திகள் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அதற்குள் கோப்பு எந்த டிஸ்க்கில் இருக்கும் என்பது பற்றிச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

சலுகை கொஞ்சம் உண்டு. சர்வர் நின்றுபோன ஆட்டங்களை நூலகங்களும் அருங்காட்சியகங்களும் சில நிபந்தனைகளோடு ஓடவைக்க அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் அனுமதித்திருக்கிறது, ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் மட்டும். சந்தையில் கிடைக்காத ஆட்டங்களை ஆராய்ச்சியாளர்கள் வீட்டிலிருந்தே பார்க்க விடுங்கள் என்று கேட்டதை 2024 அக்டோபரில் நிராகரித்துவிட்டது. அதற்கு முந்தைய வருஷம்தான், அமெரிக்காவில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 சதவீதம் கடையில் கிடைக்கவில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் கணக்கெடுத்துச் சொல்லியிருந்தது. விற்பவர்களும் விற்கவில்லை, வைத்திருப்பவர்களும் காட்டக் கூடாது.

என் கட்சியைக் கேட்டால்: காசு பார்க்காமல், நிரலை மாற்றாமல், உரிமைக்காரர் கேட்டால் எடுத்துவிடத் தயாராக இருந்துகொண்டு சேமிக்கிறவர்கள் பக்கம். அதே ஆட்டங்களைச் சுற்றி நான்கு பக்கமும் சூதாட்ட விளம்பரம் போட்டுப் பிழைக்கும் தளங்களும் 'நாங்கள் பாதுகாக்கிறோம்' என்கின்றன. அவர்களுக்கு நோட்டீஸ் போனால் எனக்கு வருத்தமில்லை.

கே: உரிமைக்காரர்களே ஒழுங்காகச் செய்த கதை ஒன்றுகூட இல்லையா? - தஞ்சாவூர் வாசகர்

ப: இருக்கிறது. 'ஹோம்ஸ்டார் ரன்னர்' என்று மைக், மேட் சாப்மன் சகோதரர்கள் இணையத்துக்கென்றே செய்த கார்ட்டூன் தொடர். தொடரும் பிளாஷ், அதிலிருந்து பிறந்த ஆட்டங்களும் பிளாஷ். 2004-ல் வந்த 'பெசன்ட்ஸ் குவெஸ்ட்' அவற்றில் பேர் பெற்றது. எண்பதுகளின் கணினி ஆட்டம் போலவே, வாக்கியத்தைத் தட்டச்சு செய்துதான் நகர வேண்டும். பிளாஷ் போகும் நேரம் வந்ததும் ரஃபிளைத் தளத்தில் பொருத்தினார்கள். தளம் இன்றும் அப்படியே நிற்கிறது. படைத்தவர் கையிலேயே உரிமையும் இருந்ததால் எந்தக் கமிட்டிக்கும் ஃபைல் போகவில்லை.

கே: டோரா தமிழில் பேசினாள், ஜாக்கி சான் தமிழில் உதைத்தார். ஆட்டம் மட்டும் ஏன் ஆங்கிலத்தில்? - ஈரோடு வாசகி

ப: சுட்டி டிவி 2007-ல் வந்தபோது டப்பிங்கில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு யோகம் அடித்தது. ஆனால் டப்பிங் உரிமை வாங்குவது ஒன்று, ஆட்டத்தின் உரிமை வாங்கி உள்ளே இருக்கும் எழுத்தையும் குரலையும் மாற்றுவது வேறு. பின்னதற்கு அமெரிக்கக் கம்பெனியின் மூலக் கோப்பு வேண்டும். அந்தச் செலவுக்கு இங்கே விளம்பர வருமானம் கட்டுப்படியாகாது. ஆகவே தமிழில் டோரா பார்த்த பிள்ளை, ஆங்கில டோராவை அம்புக்குறி பட்டனால் நடத்தியது. மொழி புரியாமலே ஜெயித்தவர்களை நான் அறிவேன்.

நம் பக்கத்துக்கு உண்மையான வேலை ஒன்று காத்திருக்கிறது. 2008-ல் தொடங்கிய சோட்டா பீமுக்கு போகோ சேனலின் தளத்தில் பிளாஷ் ஆட்டங்கள் இருந்தன. வெளிநாட்டு ரசிகர் யாரும் லட்டு தின்று பலம் பெறும் பையனுக்காக ராத்திரி கண் விழிக்க மாட்டார். இந்தியக் கணினிகளின் பழைய டிஸ்க்குகளைத் தோண்டினால்தான் உண்டு. அவை எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

கே: உண்மையைச் சொல்லுங்கள். அந்த ஆட்டங்களில் பாதி குப்பை. குப்பையைப் பாதுகாப்பது ஏன்? - பெயர் வேண்டாம், சேலம்

ப: பாதியா? தாராள மனசு உங்களுக்கு. ஒரே குதிக்கிற ஆட்டத்தில் பாத்திரத்தின் உடுப்பை மட்டும் மாற்றி மூன்று தொடர்களுக்கு ஓட்டிய வேலையெல்லாம் நடந்திருக்கிறது. ஆனால் எது குப்பை என்று அன்றைக்கே முடிவு செய்யும் அதிகாரத்தை யாரிடம் கொடுப்பது? தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்', 1931. அதன் பிரதி இன்று இல்லை. நல்ல படமா, சுமாரா என்ற விவாதத்துக்குக்கூட வழியில்லை. அன்றைக்கு அதையும் யாரோ 'ஓடி முடிந்த சரக்கு' என்றுதான் தள்ளியிருப்பார்கள்.

தவிர, அந்தச் சுமாரான ஆட்டங்களில்தான் காலம் ஒட்டியிருக்கிறது. 2001-ல் சின்னத் திரை, மெதுவான இணைப்பு, மவுஸ் மட்டும் பிடிக்கத் தெரிந்த ஏழு வயசுப் பிள்ளை, இதற்குள் ஒரு கார்ட்டூனை எப்படி அடக்கினார்கள் என்று படிக்க அந்த மோசமானவையும் வேண்டும். நல்லதை மட்டும் வைத்திருப்பது விருது வழங்கும் விழா.

கே: சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டு ஜெயித்த ஆட்டம். ஃபிளாஷ்பாயிண்டில் போட்டால் முதல் கட்டத்திலேயே செத்துப்போகிறேன். வயசாகிவிட்டதா? - நாகர்கோவில் வாசகர்

ப: ஆகிவிட்டது, ஆனால் முழுக் குற்றமும் வயசின் மேல் இல்லை. பிளாஷ் ஆட்டத்துக்கு வினாடிக்கு இத்தனை சட்டங்கள் (ஃப்ரேம்கள்) என்று ஒரு வேகம் நிர்ணயித்திருப்பார்கள். கணினிக்குச் சக்தி போதாவிட்டால் அந்த வேகத்தை எட்டாது, ஆட்டமே நிதானமாக நடக்கும். பிரௌசிங் சென்டரின் அந்தக் கிழட்டு இயந்திரம், உங்களுக்குத் தெரியாமல் எதிரிகளையெல்லாம் கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கலாம். இப்போதுதான் ஆட்டத்தை அதன் நிஜ வேகத்தில் சந்திக்கிறீர்கள்.

கே: அன்றைக்கு நான் எடுத்த ஹை ஸ்கோர் இருக்குமா? - பொள்ளாச்சி வாசகர்

ப: உலகப் பட்டியலில் ஏறியிருந்தால் அது சர்வரோடு போயிற்று. உங்கள் கணினியிலேயே பதிந்திருந்தால் 'ஷேர்டு ஆப்ஜெக்ட்ஸ்' என்ற ஃபோல்டரில் சின்னக் கோப்பாக ஒளிந்திருக்க வாய்ப்புண்டு. கிடைத்தால் எழுதுங்கள், ஸ்கோரோடு ஊர்ப் பெயரையும் போடுகிறோம்.

கே: இதையெல்லாம் என் பத்து வயசு மகனிடம் காட்டினால் 'இதுவாப்பா கேம்?' என்று சிரிக்கிறான். என்ன சொல்லட்டும்? - திருச்சி வாசகர்

ப: சிரிக்கட்டும். அவன் ஆடும் ஆட்டத்தின் சர்வர் எந்த ஊரில் இருக்கிறது, அதற்குக் கரண்ட் பில் யார் கட்டுகிறார்கள், எத்தனை நாள் கட்டுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.